பல்புக்கு ஒழுங்காக ஓடியது, மோட்டாருக்கு மட்டும் மக்கர் செய்வது ஏன்?

கேள்வி: வணக்கம் சார். உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. போரில் 5 ஹெச்.பி. மூன்று பேஸ் மோட்டார், டிஓஎல் ஸ்டார்ட்டர் (லைனை நேரடியாகக் கொடுத்து மோட்டாரைக் கிளப்பும் பெட்டி). தண்ணீர் தரைத்தொட்டியில் விழுந்து அங்கிருந்து சொட்டுநீருக்குப் போகிறது. தொட்டி காலியானால் மோட்டார் தானாக ஓடவும் நிரம்பினால் நிற்கவும் நானே ஒரு சர்க்யூட் செய்தேன். ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றும் சின்னக் கணினிப் பலகை), இரண்டு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள நீல மாட்யூல் (ஒன்றைத்தான் பயன்படுத்துகிறேன்), நான்கு கம்பி எல்சிடி, 5 வோல்ட் செல்போன் சார்ஜர், தொட்டியில் மூன்று ஸ்டீல் ஸ்க்ரூ. ஸ்டார்ட்டரின் ஹோல்டிங் கம்பியை (பட்டனை விட்ட பிறகும் ஸ்டார்ட்டரைப் பிடித்து வைப்பது) கழற்றிவிட்டு, பச்சை பட்டன் இருந்த இடத்தில் ரிலேயைக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் 100 வாட் பல்பு மாட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. மோட்டாரில் மாட்டிய பிறகு, ஓடும்போது சரியாக இருக்கிறது, நிற்கும்போதுதான் பிரச்சினை. எல்சிடியில் கோணல் எழுத்துகள் வருகின்றன, அல்லது அப்படியே உறைந்துவிடுகிறது. சில சமயம் நின்ற மோட்டார் உடனே மறுபடி ஒரு நொடி ஓடி நிற்கிறது, திரும்ப ஓடுகிறது. நானோவை மாற்றிப் பார்த்துவிட்டேன், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டுவிட்டேன், மீட்டரில் 5.02 வோல்ட் அசையாமல் காட்டுகிறது. புரோகிராமில்தான் தப்பு என்கிறார் நண்பர். அதன் பிரதியை இணைத்திருக்கிறேன். தொட்டியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் அரித்துக் காணாமலே போகிறது. என்ன செய்வது?

பதில்:

ஓடத் தொடங்கும்போது தொந்தரவு இல்லை, நிற்கும்போதுதான் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

ஓடத் தொடங்கும்போது சர்க்யூட் குழம்பினால் நான் வேறு இடத்தில் தேடியிருப்பேன். 5 ஹெச்.பி. மோட்டார் நேரடியாகப் புறப்படும்போது தன் முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். தோப்பு வரை நீண்டு வரும் லைனில் வோல்டேஜ் அந்த ஒரு நொடி படுத்துவிடும். உங்கள் சார்ஜர் அதைத் தாங்கிக்கொள்கிறது. 100 முதல் 240 வோல்ட் வரை என்று அதன் முதுகில் அச்சிட்டிருப்பது அதனால்தான். ஆக, சப்ளை குறைவது இங்கே காரணமல்ல. நிற்கும்போது வரும் கோளாறு என்றால் ஒரு காயிலில் (கம்பிச்சுருளில்) மின்னோட்டம் அறுபடும் நேரத்தில் வரும் கோளாறு.

உங்கள் அமைப்பில் மூன்று காயில்கள் உள்ளன. ரிலேயின் காயில், கான்டாக்டரின் (ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் பெரிய சுவிட்ச்) காயில், மோட்டாரின் சுருள். முதலாவதற்கு மாட்யூலிலேயே டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போட்டிருக்கிறார்கள். மூன்றாவதன் தீப்பொறி கான்டாக்டரின் தடித்த முனைகளுக்குள், இரும்புப் பெட்டிக்கு உள்ளே நடக்கிறது. நடுவில் உள்ள கான்டாக்டர் காயிலுக்குத்தான் யாரும் எதுவும் செய்யவில்லை.

வேகமாக ஓடும் தண்ணீரின் வால்வைச் சட்டென்று அடைத்தால் குழாய் எப்படி அதிர்கிறது என்று தோப்புக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயிலில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான், நிறுத்தினால் உடனே நிற்காது. ரிலேயின் முனைகள் விலகும் கணத்தில் காயில் தன் வோல்டேஜை ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி, அந்த இடைவெளியில் பொறியாகப் பாயும். அணையும், மீண்டும் பாயும், முனைகள் போதுமான தூரம் விலகும்வரை இது நடக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம். மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அலை கிளப்பும். இத்தனையும் எங்கே நடக்கிறது? நீல மாட்யூலுக்குள், நானோவின் சிக்னல் கம்பி வந்து சேரும் இடத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில்.

இழை பல்பில் சொல்லும்படி காயில் எதுவும் இல்லை. அதனால் பல்பை வைத்து நடத்திய சோதனையில் இந்தக் கோளாறு வெளிப்பட வாய்ப்பே இல்லை. இனி ஏதாவது செய்தால் வீட்டிலேயே ஒரு பழைய கான்டாக்டரையோ, டியூப்லைட் சோக்கையோ சுமையாக வைத்துச் சோதியுங்கள். கோளாறு மேசையிலேயே வெளியே வரும்.

மேலே போவதற்கு முன் ஒரு விஷயம். மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம், இதைப் படித்ததும் மெயினை அணைத்துவிட்டுச் சரிபாருங்கள்.

தோட்டத்து டிஓஎல் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் கான்டாக்டர் காயில் 415 வோல்ட். இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கும். காயிலின் மேலேயே எழுதியிருக்கும். உங்கள் நீல ரிலேயின் மேல் எழுதியிருப்பது 250 வோல்ட் ஏசி. 10 ஆம்பியர் என்றும் எழுதியிருக்கிறதே, காயில் சில பத்து மில்லிஆம்பியர்தானே இழுக்கிறது என்று நினைக்காதீர்கள். ஆம்பியர் முனை சூடாவதற்கான கணக்கு. வோல்ட் என்பது முனைகளின் இடைவெளியும், பலகையில் செம்புத் தடங்களுக்கு நடுவே உள்ள தூரமும் தாங்குமா என்ற கணக்கு. தோட்டத்து மோட்டார் அறையில் தூசி, ஈரம், பல்லி எச்சம் எல்லாம் படியும். அந்தப் பலகையில் 415 வோல்ட் ஒருநாள் 5 வோல்ட் பக்கம் தாவினால், எல்சிடியின் திருகாணியைத் தொடுபவர் கையில்தான் அது வந்து நிற்கும்.

ஒழுங்கான வழி, அதே கம்பெனியின் அதே மாடலுக்கு 240 வோல்ட் காயில் வாங்கி மாற்றுவது. ஸ்டார்ட்டர் முழுவதையும் மாற்ற வேண்டாம், காயில் தனியாகவே கிடைக்கும். பேஸ், ஸ்டாப் பட்டன், ரிலே, ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் நிறுத்துவது) மூடிய முனை, காயில், நியூட்ரல் என்று வரிசை அமையும். ஓவர்லோடின் முனையையும், சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) இருந்தால் அதன் முனையையும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டிப் போகாதீர்கள். ஹோல்டிங் கம்பியைக் கழற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஓவர்லோடு ரிலேயில் ரீசெட் திருகு கைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கியில் இருந்தால், மோட்டார் சிக்கி ஓவர்லோடு விழுந்தபின் ஆறியதும் தானாக மூடி மறுபடி ஓட்டும், மறுபடி விழும். நானோவுக்கு அது எதுவுமே தெரியாது. மோட்டார் வெந்த பிறகுதான் உங்களுக்கும் தெரியும்.

நியூட்ரல் என்றால் ஈ.பி. கொடுத்த நியூட்ரல். கம்பத்து எர்த்தை நியூட்ரலாக வைத்து விளக்கு எரிக்கும் பழக்கம் தோட்டங்களில் உண்டு. உங்கள் சார்ஜர் இப்போது அப்படித்தான் ஓடுகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எர்த் கம்பி எங்காவது கழன்றால் மோட்டார் பெட்டியின் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். உண்மையிலேயே நியூட்ரல் வரவில்லையென்றால் 415-க்கு 230 கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள். சின்னப் பெட்டிதான். இந்தப் பகுதி வேலைகளை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். "மூன்று பேஸ் கரண்ட் வராத நேரம்தானே" என்று மெயினைப் பிடுங்காமல் கை வைக்கவே வேண்டாம். அட்டவணை மாறிக் கரண்ட் வந்தால் முன்னறிவிப்பு இருக்காது. பேஸ் மூன்றையும் ஃபியூஸ் கட்டையோடு வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலை செய்வது நல்ல பழக்கம்.

இனி கோளாறுக்கு வருவோம். நான் சொன்னது சரியா என்று என்னை நம்பிப் பொருள் வாங்க வேண்டாம். நீங்கள் இதுவரை செய்தது பொருள் மாற்றுவது. அதனால் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. பாதியாக வெட்டிப் பாருங்கள். ரிலேயிலிருந்து கான்டாக்டருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு, வெறும் ரிலேயை டிக் டிக்கென்று நூறு தடவை அடிக்க விடுங்கள். எல்சிடி தெளிவாக இருந்தால் ரிலே காயில், அதன் டயோடு, சப்ளை எல்லாம் நல்லவை. பிறகு கான்டாக்டர் காயிலை மட்டும் இணையுங்கள். மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளும் ஸ்டார்ட்டரில் கழன்று இருக்கட்டும். இப்போதே கோணல் எழுத்து வந்தால் குற்றவாளி காயில், மோட்டார் அல்ல. அப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்து, இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு பைக் பேட்டரியிலிருந்து நானோவின் விஐஎன் முனைக்கு 12 வோல்ட் கொடுங்கள். மாட்யூலுக்கான 5 வோல்ட்டை மட்டும் சார்ஜரிலிருந்தே தனியாகக் கொடுக்கலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன். (பவர் பேங்க் வேண்டாம். இவ்வளவு குறைந்த மின்னோட்டம் இழுத்தால் பல பவர் பேங்குகள் சற்று நேரத்தில் தானாகத் தூங்கிவிடும். பிறகு அதை ஒரு புதுக் கோளாறாக நினைத்துத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.) தொட்டியிலிருந்து வரும் கம்பியையும் கழற்றி, பலகையிலேயே ஜம்பரால் 'நிரம்பியது', 'காலி' என்று பொய்யாகக் காட்டிப் பாருங்கள். இந்த இரண்டில் எதைக் கழற்றியபோது தொந்தரவு குறைகிறதோ, அது இரைச்சல் நுழையும் வாசல். இரண்டையும் கழற்றியும் குறையவில்லையென்றால் காற்று வழியாக நேரே வருகிறது.

மீட்டரில் 5.02 வோல்ட் அசையாமல் நிற்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மல்டிமீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் பார்த்துச் சொல்லும். இங்கே நடப்பதெல்லாம் மைக்ரோசெகண்டுகளில் முடிந்துவிடுகிறது. ஆசிலோஸ்கோப் இல்லையென்று கவலைப்படாதீர்கள். வீட்டில் மீடியம் வேவ் எடுக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் போதும். எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்தி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, கான்டாக்டரை அணைத்துப் பாருங்கள். 'டர்ர்' என்று ஓங்கி ஒரு சத்தம் வரும். அடுத்த பத்தியில் சொல்லும் வேலையைச் செய்துவிட்டு அதே இடத்தில் மறுபடி கேளுங்கள். பொருள் வேலை செய்கிறதா என்று காதே சொல்லிவிடும்.

செய்ய வேண்டியது கான்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2 முனைகளில் ஒரு ஸ்னப்பர், அதாவது பொறியை அடக்கும் சின்ன இணைப்பு. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டரும் ஒன்றன்பின் ஒன்றாக. கெப்பாசிட்டர் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி. கடையில் '400 வோல்ட் இருக்கிறது, இதையே போடுங்கள்' என்று சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டரைக் கொடுப்பார்கள். அது டிசி கணக்கு. மெயின் லைனுக்குக் குறுக்கே உட்காரும் இடத்தில் எக்ஸ்2 தவிர வேறு போட வேண்டாம். இவ்வகை கெட்டுப்போனாலும் தீப்பிடிக்காமல் கெட்டுப்போகும்படி செய்யப்பட்டது. ரெசிஸ்டர் கார்பன் அல்லது வயர்வவுண்டாக இருக்கட்டும். கணக்குப்படி அதில் சில மில்லிவாட்தான் செலவாகும், ஆனால் அணைக்கும் கணத்தில் வரும் அடியை மெல்லிய மெட்டல் ஃபிலிம் நெடுநாள் தாங்காது. கூடவே 14டி471கே என்ற வேரிஸ்டரையும் (வோல்டேஜ் எல்லை தாண்டினால் மட்டும் கடத்தும் பாகம்) அதே இரு முனைகளில் போடலாம். அது 300 வோல்ட் ஏசி வகை. 275 வோல்ட் வகையும் கிடைக்கும், ஆனால் ஊரடங்கிய பிறகு தோட்டத்து லைனில் வோல்டேஜ் ஏறும் இடங்களில் கொஞ்சம் இடம் விட்டு வாங்குவதே நல்லது. கான்டாக்டர் தயாரிப்பாளர்களே காயிலில் செருகும்படி சர்ஜ் சப்ரஸர் என்று விற்கிறார்கள். உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதை வாங்கிச் செருகிவிடுங்கள், சால்டரிங் வேலையே மிச்சம்.

இந்த மதிப்புகள் எல்லாம் 240 வோல்ட் காயிலுக்கு. 415 வோல்ட் காயிலில் இவற்றைப் போட்டால் வெடிக்கும்.

ஸ்னப்பரைப் பலர் ரிலே முனைகளுக்குக் குறுக்கே போடுகிறார்கள். பொறி வருவது அங்கேதானே என்பது அவர்கள் வாதம். ஆனால் ரிலே திறந்திருக்கும்போதும் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக 230 வோல்ட்டில் ஏறத்தாழ 7 மில்லிஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். சின்னக் கான்டாக்டர் அந்தக் கசிவிலேயே முனகும். சில, பிடித்த பிடியை விடாது. தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்காது. அதனால் காயிலிலேயே போடுங்கள், அதுவும் கான்டாக்டருக்குள்ளேயே, கம்பியின் மறுமுனையில் அல்ல. இதே கசிவுத் தொல்லை சாலிட் ஸ்டேட் ரிலேயிலும் உண்டு என்பதால் அதை நான் முதல் மருந்தாகச் சொல்வதில்லை. காயில் ஏசியில் ஓடுவதால் டயோடு இங்கே உதவாது. அரை அலைக்கு அது நேரடி ஷார்ட் ஆகிவிடும்.

பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உங்கள் அமைப்பில் இன்னும் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன.

ஒன்று, மாட்யூலில் ஜேடி-விசிசி, விசிசி என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சின்ன மஞ்சள் அல்லது நீல ஜம்பர் இருக்கும். 'ஆப்டோ ஐசொலேஷன் உள்ளது' (இரண்டு பக்கத்தையும் கம்பியில்லாமல் ஒளியால் இணைப்பது) என்று அட்டையில் போட்டு விற்கும் இந்தப் பலகைகளில், அந்த ஜம்பர் உட்கார்ந்திருக்கும்வரை ஐசொலேஷன் என்று ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே 5 வோல்ட், ஒரே கிரவுண்டு. ஆப்டோகப்ளர் வெறும் அலங்காரம். ஜம்பரைப் பிடுங்குங்கள். ஜேடி-விசிசிக்கும் அதன் பக்கத்து ஜிஎன்டிக்கும் இப்போதுள்ள சார்ஜரைக் கொடுங்கள். நானோவுக்கு இன்னொரு 5 வோல்ட் சப்ளை. நானோவிலிருந்து மாட்யூலுக்கு 5 வோல்ட்டும் சிக்னல் கம்பியும் மட்டும் போகட்டும், கிரவுண்டு போக வேண்டாம். சிக்னல் தாழும்போது ஆப்டோவின் எல்.ஈ.டி. வழியாக மின்னோட்டம் நானோவுக்கே திரும்பிவிடும், கிரவுண்டு கம்பி தேவையே இல்லை. நானோவின் சப்ளை கம்பியை ஒரு ஃபெரைட் வளையத்தில் நான்கு சுற்று சுற்றிவிடுங்கள். மலிவு சார்ஜர்களில் மெயின் பக்கத்தையும் டிசி பக்கத்தையும் இணைத்து ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். லைனில் வரும் இரைச்சல் அது வழியாக நேரே உங்கள் கிரவுண்டுக்கு வந்துவிடும்.

1000 மைக்ரோஃபாரட் ஏன் உதவவில்லை என்பதும் இங்கே விளங்கும். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மெதுவான பள்ளங்களை நிரப்பும், மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது கெப்பாசிட்டராகவே நடந்துகொள்ளாது. அதற்குப் போகும் கம்பியே ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோஹென்றி தடுக்கிறது. 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், '104' என்று எழுதிய பொட்டு, அதை எல்சிடியின் முதுகிலுள்ள பலகையில் விசிசி, ஜிஎன்டி முனைகளிலேயே கால் நீளாமல் பற்றவையுங்கள். இன்னொன்றை நானோவின் 5 வோல்ட் முனையில். பெரியதைக் கழற்ற வேண்டாம், கெடுதல் இல்லை.

இரண்டாவது ஓட்டை உங்கள் புரோகிராம். நண்பர் சொன்னதில் கால்வாசி உண்மை. நின்ற மோட்டார் மறுபடி ஒரு நொடி ஓடுவது அதனால்தான். வரிசையைப் பாருங்கள்: தொடக்கப் பகுதியில் முதலில் ரிலே முனையை அவுட்புட்டாக்குகிறீர்கள், அடுத்து எல்சிடியைத் தொடங்குகிறீர்கள், அதற்குப் பிறகுதான் ரிலே முனையை உயர்த்துகிறீர்கள். அவுட்புட் ஆனதுமே அந்த முனை தாழ்ந்த நிலையில்தான் (0 வோல்ட்) இருக்கும். உங்கள் மாட்யூல் தாழ்ந்தால் ரிலேயை இழுக்கும் வகை. உங்களுடையதைப் போன்ற நான்கு கம்பி (ஐ2சி) எல்சிடிக்கு எல்லோரும் பயன்படுத்தும் லைப்ரரியின் சில பதிப்புகளில் தொடங்கும்போது முழுதாக ஒரு நொடி காத்திருப்பு இருக்கிறது. ரிலேக்கு 10 மில்லிசெகண்டு போதும். ஆக, மோட்டார் நிற்கிறது, காயில் பொறி விடுகிறது, நானோ ரீசெட் ஆகிறது, தொடங்கும்போது ஒரு நொடி மோட்டாரை ஓட்டுகிறது, பிறகு தொட்டி நிரம்பியிருப்பதைப் பார்த்து நிறுத்துகிறது, மறுபடி பொறி. நீங்கள் பார்த்த 'திரும்பத் திரும்ப' இந்தச் சுழல்தான். நீர்மூழ்கி மோட்டாருக்கு இது கொலை. நின்றவுடன் குழாயிலுள்ள தண்ணீர் இன்னும் அடங்காத நிலையில் மறுபடி மறுபடி புறப்படும் மின்னோட்டம் அடித்தால் வைண்டிங் சூடேறிக்கொண்டே போகும்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரியின் இடம். தொடக்கப் பகுதியின் முதல் வரியாக ரிலே முனைக்கு ஹை எழுதுங்கள், அடுத்த வரியில் அதை அவுட்புட்டாக்குங்கள், எல்சிடியெல்லாம் அதற்கப்புறம். அதோடு, நானோ உயிர்பெற்றதிலிருந்து ஐந்து நிமிடம் கழியாமல் மோட்டாரை ஓட்டாதே என்று ஒரு நிபந்தனை சேருங்கள். கரண்ட் வந்ததும் அந்த லைனில் உள்ள மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும்போது உங்களுடையது ஒதுங்கி நிற்கவும் இது உதவும்.

உறைந்துபோவதற்குக் காரணம் எல்சிடிக்குப் போகும் ஐ2சி கம்பி. பொறி வந்து ஒரு துடிப்பைக் கெடுத்தால், ஐ2சி-யைக் கவனிக்கும் பழைய 'வயர்' (Wire) லைப்ரரி பதிலுக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அந்த நேரம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் தொட்டி வழிந்தாலும் நிறுத்த ஆளில்லை. புதிய லைப்ரரியில் டைம்அவுட் வசதி இருக்கிறது, அதை இயக்குங்கள். வாட்ச்டாகையும் (புரோகிராம் உறைந்தால் நானோவைத் தானாக ரீசெட் செய்யும் காவல்) இரண்டு நொடிக்கு வையுங்கள். ஆனால் உங்கள் நானோ, ஐடிஇயில் (புரோகிராம் எழுதி ஏற்றும் மென்பொருள்) 'ஓல்டு பூட்லோடர்' என்று தேர்ந்தெடுத்தால்தான் புரோகிராம் ஏறும் வகையா என்று முதலில் பாருங்கள். அந்தப் பழைய பூட்லோடரில் வாட்ச்டாக் ஒருமுறை கடித்தால் பலகை ரீசெட் சுழலில் மாட்டிக்கொள்ளும். அப்படியிருந்தால் இன்னொரு ஆர்டுயினோவை வைத்துப் புது பூட்லோடர் ஏற்றிவிட்டுப் பிறகு வாட்ச்டாகுக்குப் போங்கள். எல்சிடி கம்பி நீளமாக இருந்தால் வெட்டிச் சுருக்குங்கள். கோணல் எழுத்துக்கு, மோட்டார் நின்ற இரண்டு நொடி கழித்து எல்சிடியை மறுபடி தொடங்கச் சொல்வது ஒரு ஒட்டு வைத்தியம். ஒட்டு என்று தெரிந்தே செய்தால் தப்பில்லை. ஆனால் ஸ்னப்பர் போடுவதற்கு முன்னால் அதைச் செய்யாதீர்கள், நோய் மறைந்துகொண்டு உள்ளேயே இருக்கும்.

இன்னொன்று சேர்த்துவிடுங்கள். நானோ உயிர்பெறும் ஒவ்வொரு தடவையும் ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) ஓர் எண்ணைக் கூட்டி எல்சிடியின் மூலையில் காட்டட்டும். ஈப்ராம் ஒரு லட்சம் எழுத்துவரை தாங்கும், பயமில்லை. ஒரு வாரம் தோப்பில் விட்டுவிட்டு வந்து பாருங்கள். கரண்ட் போய்வந்த தடவைகளைவிட எண் கூடியிருந்தால் ரீசெட் இன்னும் நடக்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக நடக்கும் சர்க்யூட்டுகளுக்கு இதைவிட நல்ல காவல்காரன் இல்லை.

கடைசியாக ஸ்க்ரூ. மூன்றில் ஒன்று மட்டும் அரிக்கிறது என்றால் அது எப்போதும் 5 வோல்ட் பாசிட்டிவில் இருக்கும் ஸ்க்ரூ. மற்றதில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்க வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள். உப்புள்ள போர் தண்ணீரில் டிசி கொடுத்தால் பாசிட்டிவ் கரையும், நெகட்டிவில் உப்பு படியும். எவர்சில்வர் போட்டாலும் தாமதமாகுமே தவிர நிற்காது. கம்பிகளையே வைத்திருக்க வேண்டுமென்றால், இரண்டு நொடிக்கு ஒரு தடவை சில மில்லிசெகண்டு மட்டும் வோல்டேஜ் கொடுத்துப் படித்துவிட்டு அணையுங்கள், ஒவ்வொரு தடவையும் திசையை மாற்றிக் கொடுங்கள். கடைகளில் கிடைக்கும் நல்ல லெவல் கண்ட்ரோலர்கள் ஏசி கொடுத்துப் படிப்பது இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் ஸ்க்ரூக்களைத் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டு மிதவை சுவிட்ச் வாங்குங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. தொட்டி திறந்த வெளியில் இருக்கிறது, கம்பி நீளம், இடி மின்னலும் உண்டு. அதனால் சுவிட்சை நேரே நானோவின் முனைக்குக் கொண்டுவராமல், 12 வோல்ட் தனிச் சப்ளையிலிருந்து 2.2 கிலோஓம் வழியாக ஒரு பிசி817 ஆப்டோகப்ளரின் எல்.ஈ.டி.க்குக் கொடுங்கள், 5 மில்லிஆம்பியர் அளவுக்கு ஓடும். அதன் மறுபக்கம் 10 கிலோஓம் புல்-அப்போடு (முனையை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) நானோவுக்கு வரட்டும், முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 104. இப்போது நானோவின் உள் புல்-அப்பை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். அது 20 முதல் 50 கிலோஓம், நீண்ட கம்பியில் வரும் இரைச்சலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புரோகிராமிலும் தொடர்ந்து ஐந்து நொடி ஒரே பதில் வந்தால் மட்டும் நம்பச் சொல்லுங்கள். தண்ணீர் விழும் அலையில் மிதவை ஆடும். சென்சார் கம்பியையும் மோட்டார் கேபிளையும் ஒரே பைப்பில் இழுத்திருந்தால், அதையும் பிரித்துவிடுங்கள். ஒரு முழ இடைவெளி இருந்தாலே போதும்.